ரொனால்ட் சாரின் ஓய்வு

டீ நன்றாக இருக்கிறது, இன்ஸ்பெக்டர். ஊட்டிக் குளிரில் சூடு ஆறுவதற்குள் நான் டீ குடித்து வெகு காலமாகிறது.

ரொனால்ட் சார் எங்கள் மருத்துவக் கல்லூரியில் மயக்கவியல் துறைத் தலைவர். கெட்டவர் இல்லை. வேலையையும் குடும்பத்தையும் சமமாகப் பார்த்துக்கொள்வது எப்படி என்று குன்னூர் ஹோட்டல்களில் நடக்கும் கருத்தரங்குகளில் அவர் பேசினால் கண்கலங்காத டாக்டர் கிடையாது. வீட்டிலிருந்து போன் வந்தால் எந்த வேலையானாலும் அப்படியே போட்டுவிட்டு எடுங்கள் என்பார். அவர் அப்படிப் பேசப் போகும் நாட்களில் அவருடைய வகுப்பை நான் எடுப்பேன். அவருடைய ஆபரேஷன் கேஸ்களும் என்னிடம் வரும், திருத்தாத விடைத்தாள்களும் வரும். கோல்ஃப் ஆடப் போகும் நாட்களிலும் அப்படித்தான்.

என் கணவர் மோசஸ் கூடலூரில் பள்ளி ஆசிரியர். மகள் அலீனா அவரோடு இருக்கிறாள். பள்ளி விழாவில் அவள் வண்ணத்துப்பூச்சி வேஷம் கட்டிய அன்று லீவு கேட்டேன்.

"தபித்தா, நீ இல்லாட்டி டிபார்ட்மென்ட் நடக்குமாம்மா?" என்றார் சார். பாராட்டுத்தான்.

பிறகு ஊருக்குப் போனபோது அலீனா உள்ளே ஓடி, "அப்பா, டாக்டர் ஆன்ட்டி வந்திருக்காங்க" என்றாள். நான் சிரித்தேன். மோசஸ் சிரிக்கவில்லை.

சாருக்குப் பித்தப்பையில் கல். மயக்கம் கொடுக்க என்னைத் தவிர யாரும் வேண்டாம் என்றார். ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. சர்ஜன் சாப்பிடப் போனார். மூச்சுக் கருவியின் துணையோடு சார் தூங்கிக்கொண்டிருந்தார். அவ்வளவு நிம்மதியான முகத்தை எங்கள் துறையில் நான் பார்த்ததில்லை.

சிஸ்டர் விஜயா காலையிலிருந்து நின்றுகொண்டே இருந்தாள். போய் ஏதாவது சாப்பிட்டு வரச் சொன்னேன்.

"ஏனுங்க மேடம், நீங்க ஒருத்தரே பாத்துக்குவீங்களா?"

எப்போதும் நான்தானே பார்த்துக்கொள்கிறேன் என்றேன். சந்தோஷமாகப் போனாள்.

அப்போது அலீனாவிடமிருந்து போன் வந்தது. சார் சொல்வதுபோல வேலையை அப்படியே போட்டுவிட்டு எடுத்தேன். வராந்தாவில் நல்ல வெயில். பக்கத்து வீட்டு முயல் குட்டி போட்டிருக்கிறதாம். ஒவ்வொரு குட்டிக்கும் அவள் ஒரு பெயர் வைத்திருந்தாள். கடைசிக் குட்டி வரைக்கும் கேட்டேன். உள்ளே வந்தபோது சாரின் உதடுகள் நீலமாகியிருந்தன.

அலாரம் ஏன் அடிக்கவில்லை என்று கேட்டீர்கள். நான்தான் அணைத்தேன். ஓய்வில் இருப்பவர் பக்கத்தில் அந்தச் சத்தம் எதற்கு? மூச்சுக் கருவியின் குழாயும் தானாகக் கழன்றுகொள்ளவில்லை.

இப்போது நீங்கள் மெதுவாகத்தான் சொன்னீர்கள்: "மேடம், கொழந்தை உங்களைக் கூப்பிடலீங்க. உங்க போன்ல இருந்துதான் கால் போயிருக்குதுங்க."

உண்மைதான். குழாயைக் கழற்றிவிட்டு நான்தான் கூப்பிட்டேன். வேறு எப்போது பேசினாலும் நடுவில் சாருடைய போன் வந்துவிடும்.