இருட்டுக்கென்று ஒரு லென்ஸ்

விமான நிலையப் பேருந்து யோங் பெங் ஊரைத் தாண்டியபோது, முன் இருக்கைப் பெண்மணி கணவரிடம் சொன்னது காதில் விழுந்தது.

“என் சேலை ரெண்ட பையிலருந்து வெளிய எடுத்துப் போட்டுட்டு, அந்த இடத்துல லென்ஸ வச்சிருக்கீங்க.”

அவர் மடியிலிருந்த பையை இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொண்டார்.

“வெயில்ல எடுக்க பழைய லென்ஸே போதும் லா. மதுரக் கோயிலுக்குள்ள இருட்டா இருக்கும். ஃபிளாஷ் போட்டா தூணெல்லாம் சுண்ணாம்பு அடிச்ச மாதிரி வரும். இது விளக்கு வெளிச்சத்துலயே எடுக்கும்.”

“எடுக்கும். ஆனா அங்க கேமராவ உள்ளயே விட மாட்டாங்க.”

“அலமாக்! யாரு சொன்னா?”

“போன தடவ அம்மாகூட போனப்ப, வாசல்லயே வாங்கி வச்சிட்டாங்க.”

“இத வாங்குறப்பவே சொல்லக் கூடாதா?”

“சொல்லியிருந்தா நீங்க கோயிலுக்கு வர ஒத்துக்கிட்டிருப்பீங்களா?”

பேருந்து கொஞ்ச தூரம் போனது. இரண்டு பக்கமும் செம்பனை மரங்கள். அவர் தொண்டையைச் செருமினார்.

“சேலைய அங்க போயி வாங்கிக்கலாம் லா.”

“அதனாலதான் நான் காலையில சண்ட போடல.”