கேட்டாரா, சொன்னாரா

“உள்ள வரட்டுமான்னு கேக்கறான். காது அடைச்சிருக்கா உங்களுக்கு?” என்று டிவியைக் காட்டிக் கத்தினாள் நர்ஸ்.

“உள்ளன்னு எங்கடி சொன்னான்? வெறும் வரட்டுமாதான். கிளம்பறவன் சொல்றது அது,” என்றேன். என் குரலும் தணிவாக இல்லை.

“கிளம்பறவன் எதுக்குக்கா கதவைத் தட்டறான்?”

“சொல்லிக்காம போனா நல்லா இருக்காதுன்னு தட்டியிருப்பான்.”

“அவ்வளவு மரியாதை தெரிஞ்சவன் முதல்லயே போயிருக்க மாட்டான்,” என்றாள் நர்ஸ். சொன்ன பிறகு அவள் முகம் சிவந்துவிட்டது. ரவிக்கைக்கு அளவு கொடுக்க வந்த வங்கிக்கார அம்மாள் கையைத் தூக்கியபடியே நின்றாள். நான் நாடாவை இறக்கியது கூட அவளுக்குத் தெரியவில்லை.

மாடி வீட்டுக்குப் புதிதாக வந்திருக்கிற நீங்கள், முன்னே இருந்தவள் ஏன் காலி செய்தாள் என்று கேட்டீர்கள். திரைச்சீலைக்கு அளவெடுக்கிற நேரத்தில் சொல்லி முடித்துவிடலாம். பெரிய கதை ஒன்றும் இல்லை.

என் தையல் கடை இந்தக் கட்டடத்தின் கீழ்த்தளத்தில் இருக்கிறது. அதில் ஒரு டிவி உண்டு. பொத்தான் தைக்க வருகிறவர்கள்கூட இரண்டு விளம்பரமாவது பார்க்காமல் எழுந்திருக்க மாட்டார்கள். அதனால் யார் வீட்டில் யார் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருக்கிறார்கள் என்பது எனக்குத் தானாக வந்து சேரும். வம்பு என்பார்கள். நான் அக்கறை என்பேன்.

அன்று டிவியில் முடிந்த தொடரில் கோபித்துக்கொண்டு போன கணவனுக்காக ஒருத்தி வருடக்கணக்கில் காத்திருந்தாள். கடைசிக் காட்சியில் மூடிய கதவுக்குப் பின்னால் உட்கார்ந்திருக்கிறாள். கதவு தட்டப்படுகிறது. வெளியே அவன் குரல்: “வரட்டுமா?” அவள் தலை நிமிர்கிறாள். திரை இருண்டது. அவ்வளவுதான். எழுதியவன் கையைக் கழுவிக்கொண்டு போய்விட்டான். கட்டடம் இரண்டாகப் பிளந்தது. உள்ளே வருகிறவனும் அதையே கேட்கிறான், விடைபெறுகிறவனும் அதையேதான் சொல்கிறான். நம் பேச்சு அப்படி.

நர்ஸுக்கு இதில் அத்தனை ஆவேசம் எதற்கென்று எல்லோருக்கும் தெரியும். அவள் வீட்டுக்காரன் லிஃப்ட் மெக்கானிக். ஒரு சண்டையில் பையைத் தூக்கிக்கொண்டு போனவன் திரும்பவில்லை. எதற்குச் சண்டை என்பது அவர்கள் இரண்டு பேருக்குமே மறந்திருக்கும். எனக்கு நினைவிருக்கிறது: அவன் அம்மாவை இங்கே கூட்டிவருவது பற்றி. அவன் செருப்பு மட்டும் அவள் வாசலிலேயே கிடந்தது. கூட்டும்போது அதைத் தூக்கி, துடைத்து, அதே இடத்தில் வைப்பாள்.

அன்றைய வாதத்தில் நான் தோற்றுக்கொண்டிருந்தேன். வங்கிக்கார அம்மாளே நர்ஸ் பக்கம் சாய்ந்துவிட்டாள். என் கடையில், என் டிவியில், நான் சொல்வது எடுபடவில்லை என்றால் எப்படி? அதனால் சொன்னேன்: “அந்தத் தொடருக்குத் துணி தைக்கிற இடத்துல எனக்குத் தெரிஞ்சவங்க இருக்காங்க. வெளிய நின்னப்ப அவன் கையில பெட்டி இருந்துச்சாம். எடுத்துட்டு, அப்புறம் வெட்டிட்டாங்களாம்.”

அப்படி யாரும் எனக்குத் தெரிந்தவர் இல்லை. பெட்டியும் இல்லை.

மறுநாள் காய்கறிக்காரர் என்னிடமே வந்து, பெட்டி நீல நிறம் என்றார். அதற்கடுத்து என் கைப்பேசிக்கே செய்தி வந்தது: ‘படப்பிடிப்பில் இருந்தவர் சொன்னது, கணவன் கிளம்பிவிட்டான், பெட்டி காட்சி நீக்கப்பட்டது.’ நாலு பேர் அழுகிற பொம்மை போட்டிருந்தார்கள். படித்தபோது எனக்கே, அட, நாம் சொன்னது சரிதான் போல என்று தோன்றியது. நர்ஸ் வாதாடுவதை நிறுத்திவிட்டாள். “அப்படின்னா போகத்தான் வந்திருக்கான், இல்லக்கா?” என்று மட்டும் கேட்டாள். நான் பொத்தான் துளைக்குக் காஜா எடுத்துக்கொண்டிருந்தேன். தலையை ஆட்டினேன்.

அந்தச் சமயத்தில்தான் மெக்கானிக் வந்தான். நர்ஸ் பணிக்குப் போயிருந்தாள். ஆள் மெலிந்திருந்தான். சட்டையில் ஒரு பொத்தான் இல்லை. கழற்றச் சொல்லித் தைத்துக் கொடுத்தேன். பனியனோடு உட்கார்ந்து, தரையில் கிடந்த துணித் துண்டுகளைக் காலால் ஒதுக்கினான்.

“நீங்களும் அந்தத் தொடர் பாத்தீங்களாக்கா?”

“பார்க்காம?”

“நானும் பாத்தேன். அவகிட்ட ஒண்ணே ஒண்ணு சொல்லுங்க. வரட்டுமான்னு கேட்டேன்னு சொல்லுங்க. அவளுக்குப் புரியும். பஸ் ஸ்டாப்ல இருக்கேன். அவ நம்பரை மாத்திட்டா, இல்லன்னா நானே கேட்டிருப்பேன்.”

“வீட்டு வாசல்லயே நிக்கலாமே?”

“பெருமைன்னு நினைச்சுக்கோங்க,” என்று சிரித்தான். நல்ல சிரிப்பு. அதை ஒத்துக்கொள்ள வேண்டும்.

நர்ஸ் வந்தாள். கைப்பையைக்கூட இறக்கவில்லை. நான் சொன்னேன்: “உன் வீட்டுக்காரர் வந்திருந்தார். வரட்டுமான்னு சொன்னார்.”

நன்றாகக் கவனியுங்கள். இல்லாத எதையும் சேர்க்கவில்லை. கேட்டார் என்பதற்குப் பதிலாக, சொன்னார் என்றேன். ஒரு சொல். பஸ் ஸ்டாப்பைப் பற்றி அவள் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. கேட்டார் என்று சொல்லியிருந்தால் என்ன ஆகும்? அவள் ஓடியிருப்பாள். கட்டடம் முழுக்க என் பெட்டிக் கதையைச் சொல்லிச் சிரித்திருக்கும். அதுவும் போகட்டும், அவன் வந்துவிட்டால் பணி முடிந்ததும் என் கடைக்கு அவள் எதற்கு வரப்போகிறாள்? இரண்டு பேரும் மாடியில் கதவைச் சாத்திக்கொள்வார்கள். நான் டிவியோடு தனியே பேசிக்கொண்டிருக்க வேண்டியதுதான்.

அவள் கைப்பையைத் தோளில் சரிசெய்துகொண்டாள். பிறகு மாடிக்குப் போனாள். படியில் செருப்புச் சத்தம் ஒரே சீராகக் கேட்டது. ஓடவில்லை.

நூல்கண்டு வாங்குகிற சாக்கில் பஸ் ஸ்டாப் வரை போனேன். இருந்தான். எத்தனையோ பஸ்ஸை விட்டிருப்பான். என்னைக் கண்டதும் எழுந்தான்.

“சொன்னீங்களா?”

“சொன்னேன்.”

“என்ன சொன்னா?”

“ஒண்ணும் சொல்லலப்பா.”

அதுவும் உண்மைதான். நான் அன்றைக்குச் சொன்னதில் முழு உண்மை அது ஒன்றுதான், அதுதான் அவனை அதிகம் அடித்தது. நான் தைத்த பொத்தானைத் திருகிக்கொண்டே இருந்தான். பிறகு, “சரிக்கா. வரட்டுமா?” என்றான்.

இந்த முறை யாருக்கும் சந்தேகம் வராது. நானும் “சரிப்பா” என்றேன். பஸ் திரும்பி மறைகிறவரை நின்றேன், ஏதோ நான்தான் வழியனுப்ப வந்தவள் மாதிரி. கூப்பிட்டிருக்கலாம். வாய் திறந்துதான் இருந்தது.

பிறகு எல்லாம் முறைப்படி நடந்தது. விவாகரத்துக்குக் கையெழுத்துப் போடப் போன இடத்தில் அவன் கேட்டானாம், “ஆள் விட்டுக் கேட்டனே, ஒரு பதில்கூடச் சொல்லலையே நீ” என்று. நர்ஸ் அங்கிருந்து நேரே என் கடைக்கு வந்தாள். அழவில்லை.

“அக்கா, அவர் கேட்டாரா, சொன்னாரா?”

“ரெண்டுக்கும் என்னடி பெரிய வித்தியாசம்?” என்றேன்.

என்னையே பார்த்தாள். தைத்து வைத்திருந்த அவள் ரவிக்கையை நீட்டினேன். வாங்கவில்லை. அதோ, இன்னும் ஆணியில் தொங்குகிறது. வேறு யாருக்கும் அந்த அளவு பொருந்தாது. பிரித்துவிடலாம் என்று கத்தரிக்கோலை எடுப்பேன். திரும்ப வைத்துவிடுவேன்.

மெக்கானிக் ஒரு பள்ளிக்கூட எழுத்தரைக் கல்யாணம் செய்துகொண்டான். அவன் அம்மாவும் அவர்களோடுதான் இருக்கிறாராம். வங்கிக்கார அம்மாள் மகள் வீட்டோடு போய்விட்டாள். நர்ஸ் வேறு ஊர் ஆஸ்பத்திரிக்கு மாற்றல் வாங்கிக்கொண்டாள். சாமான் வண்டி நின்றிருக்க, என் கடை வாசலுக்கு வந்து நின்றாள். உள்ளே காலெடுத்து வைக்கவில்லை.

“போறேன்,” என்றாள்.

போயிட்டு வரேன் என்று சொல்லவில்லை. கட்டடத்தில் எத்தனையோ பேர் காலி செய்து போயிருக்கிறார்கள், சண்டை போட்டுக்கொண்டு போனவர்கள்கூட வெறுமனே அப்படிச் சொன்னதில்லை. மனதில் வைத்துக்கொண்டு சொல்லியிருக்க மாட்டாள். சாமான் ஏற்றுகிற நேரம், வண்டிக்காரர் வேறு ஹாரன் அடித்துக்கொண்டிருந்தார். அவசரத்தில் ஒரு சொல் மாறிப்போவது யாருக்கும் நடக்கிறதுதான்.