டாட்டா காட்டும் சிப்பாய்

கடலூரில் ஏறி சிதம்பரத்துக்கு டிக்கெட் எடுத்த முன்சீட்டுக்காரர், பக்கத்தில் இருந்தவரிடம் சொன்னார்:

"நேத்து சிப்பாயோட கைய அறுத்துட்டேன் மச்சான்."

நான் எட்டிப் பார்த்தேன். நல்லவேளை, அவர் மடியில் இருந்தது மேலே ஒரு சிப்பாய் நிற்கும் ரிமோட் டாங்க் பொம்மை.

"அறுத்துட்டு, உள்ள சின்ன மோட்டார் வெச்சேன். வண்டி முன்னாடி போனா டாட்டா காட்டும்."

"பாப்பாவுக்குப் புடிச்சிருக்குமே?"

"எங்க? வெள்ளிக்கிழம நான் துபாய் கெளம்புறேன்ல. 'போறப்ப டாட்டா வேணாம் வாப்பா, திரும்பி வர்றப்ப காட்டட்டும்'னுட்டா. ரிவர்ஸுக்கு ஒயர மாத்துனேன், மோட்டார் பொகஞ்சிருச்சு. சிதம்பரத்துல வேற வாங்கணும்."

"சரி, பொம்மை திரும்பி வந்துரும். நீ எப்ப வருவ?"

"அதையேதான் அவளும் கேட்டா."