மீன் லாரியின் சிவப்பு விளக்கு

இரவு இரண்டரை மணி. ஷிராடி மலைப்பாதை. மழை விட்டிருந்தது, மூட்டம் விடவில்லை... இன்னும் கொஞ்சம் நெருங்கி உட்காருங்கள். இது நம் ஐஸ் ஆலை லலிதாவின் அண்ணன் ஐத்தப்பாவுக்கு நடந்தது.

மல்பே மீன்பிடித் துறைமுகத்தில் மத்தி ஏற்றிக்கொண்டு ஹாசனுக்குப் போய்க்கொண்டிருந்தார். பக்கத்தில் மனைவியின் தம்பி சஞ்சீவா. பின்னால் வந்த லாரி ஒன்று முட்டுகிற மாதிரி நெருங்கி, விலகி, முந்தியது. அதன் டிரைவர் கத்தினான்.

"பிரேக் லைட்டே எரியல மாராயா! சாகணுமா உனக்கு?"

இந்த மூட்டத்தில் அடுத்த லாரி நிச்சயம் மேலே ஏறிவிடும். ஐத்தப்பா ஓரம் கட்டினார்.

"இங்கயா நிறுத்துவீங்க பாவா? போன மாசம் இதே வளைவுலதான..."

"வாயை மூடு."

மீன் தொட்டித் தண்ணீரை ஆளில்லாத இடத்தில் ரோட்டில் திறந்துவிடுவது எல்லா மீன் லாரிக்காரர்களும் செய்வதுதான். போன மாதம் ஐத்தப்பா அங்கே திறந்துவிட்டார். பின்னால் வந்த பைக் அதில் வழுக்கிப் பள்ளத்தில் போனது. கண்ணாடியில் பார்த்தார். பிரேக்கை மிதிக்கவில்லை.

ஃபியூஸ் சரி. பல்பு இரண்டும் சரி.

"அப்ப எர்த்துதான். உப்புத் தண்ணி தின்னிருக்கும். நீ பெடல்கிட்ட இரு."

கத்தியோடு பின்னால் போய்க் குனிந்தார். எர்த் ஒயரின் போல்ட்டில் செதிலும் கொழுப்பும் கூழாக அப்பியிருந்தன. விரலில் இழுபட்டன. நாற்றம்... இருபது வருஷமாக மீன் ஏற்றுகிறவருக்கே குமட்டியது. மீன் நாற்றம் இல்லை அது. மூச்சை அடக்கிச் சுரண்டினார். சர்ர்... சர்ர்...

"மிதிடா!"

பளிச்சென்று சிவப்பு.

"போதும், விடு!"

விடவில்லை.

"காது செத்துப்போச்சா? காலை எடுடா!"

"யார் காலை, பாவா?"

குரல் முதுகுக்குப் பின்னால் கேட்டது. சஞ்சீவா பாறையோரம் லுங்கியைச் சரிசெய்துகொண்டு நின்றான். "நீங்க சுரண்டறதுக்குள்ள ஒண்ணுக்குப் போயிட்டு வரலாம்னு இறங்கினேன்..."

ஐத்தப்பா முன்னால் ஓடினார். கேபினில் யாரும் இல்லை. பெடல் மட்டும் தரையோடு அழுந்திக் கிடந்தது. சிக்கியிருக்கும் என்று நினைத்து, குனிந்து வலது கையால் தூக்கப் பார்த்தார்.

பெடல் கைக்கு அகப்படவில்லை. அதன்மேல் வேறு ஏதோ இருந்தது. குளிர்ச்சியாக... கொழகொழவென்று... ஐந்து விரல்களோடு. கையை இழுத்தார். ஊறிப்போன தோல் உள்ளங்கையில் ஒட்டிக்கொண்டு உரிந்து வந்தது.

புஸ்ஸ்... என்று காற்று விட்டு, பெடல் மெதுவாக மேலே எழுந்தது.

எத்தனை சோப்பு, எத்தனை எலுமிச்சை... வலது கையில் அந்த நாற்றம் போகவில்லை. அண்ணன் அதற்குப் பிறகு இடது கையால்தான் சாப்பிடுகிறார் என்றாள் லலிதா.

போன வாரம் அந்த இடது கையையும் முகர்ந்து பார்த்தாராம். தட்டைத் தள்ளிவிட்டாராம்.