லைசென்ஸ் நாகவள்ளி பேரில்

— கதவைச் சாத்தியாச்சு, உடையப்பன் அண்ணே. இனிமே பயப்படாமப் பேசுங்க.

— அலாவுதீன் பாய் கோவிச்சுக்கிருவாரு சிஸ்டரு. எங்க கேம்ப்ல இருந்து ஆரு கிளினிக்குக்கு வந்தாலும், கேம்ப் பாஸுங்கிற முறையில அவருதான் கூட உக்காந்து டாக்டருக்கு இந்தியில சொல்லுவாரு.

— இங்க இந்தியில சொல்லுவாரு, பெறவு கேம்ப் பூரா தமிழ்ல சொல்லுவாரு. அதுக்குத்தான் அவரை வெளியே உக்கார வச்சது.

— அது உள்ளதுதான். பொன்னுச்சாமிக்கு மூலம்னு டாக்டரம்மா காலையில சொன்னாக. சாயங்காலம் டூட்டி பஸ்ஸுல அவன் சீட்டுல தலகாணி போட்டு வச்சிருந்தாய்ங்க.

— பாத்தீங்களா? டாக்டரம்மா லக்னோக்காரங்க, தமிழ் தெரியாது. கேள்வியெல்லாம் என்னையே கேக்கச் சொல்லிட்டு அடுத்த ரூமுக்குப் போயிருக்காங்க. நான் லீமா. குளச்சக்காரியாக்கும், ஒங்க ஊர்ப் பேச்செல்லாம் எனக்குப் புரியும். தூக்கம் இல்ல, சாப்பாடு எறங்கல, ஆருகிட்டயும் பேசப் பிடிக்கல. அப்படித்தானே சொன்னீங்க?

— ஆமா. மாசி மாசத்துல இருந்தே இப்படித்தான். சமைச்சதை அப்படியே மூடி வச்சிட்டுப் போய்ப் படுத்துக்கிர்றது.

— ஒங்க கேம்ப்ல மெஸ் சாப்பாடுதானே?

— வெள்ளிக்கிழமை நாங்களா சமைப்போம்.

— ஒங்க எடை போன தடவைக்கு இப்பக் கூடியிருக்கு. பிரஷரும் நல்லாத்தான் இருக்கு.

— அது குப்பூஸ் ரொட்டி தின்ன உடம்பு சிஸ்டரு. ஊதத்தான் செய்யும்.

— சரி. செத்துப் போயிரலாம்னு எப்பவாவது தோணியிருக்கா?

— தோணும்போலத்தான் தெரியுது.

— அதென்ன, அடுத்த வீட்டுக்காரங்க விசயம் மாதிரி சொல்றீங்க?

— தோணுது. அம்புட்டுத்தான்.

— வீட்டுல துப்பாக்கி இருக்கா?

— எங்க, ஷார்ஜாவுலயா? பத்துப் பேரு படுக்குற ரூமு சிஸ்டரு. பிரஷ்ஷு வைக்க எடமில்ல, துப்பாக்கிய எங்கிட்டு வைக்க?

— நானும் இதைத்தான் சொன்னேன். டாக்டரம்மா அமெரிக்காவுல படிச்சவங்க. மனசு சரியில்லன்னு வர்ற ஆரையும் இதைக் கேக்காம விடக்கூடாதுங்கிறாங்க. கைக்கு எட்டுற தூரத்துல இருந்தா, ஏதோ ஒரு நிமிச வெறுப்புல எடுத்துருவாங்களாம்.

— மாஃபி, இல்லைன்னு எழுதிக்கங்க.

— ஊருல? லீவுக்குப் போகப்போறதா சொன்னீங்களே, அதனால கேக்கேன்.

— அதையும் எழுதுவீகளா? பேப்பரு கம்பெனிக்குப் போகும். கிறுக்குப் பிடிச்சவன்னு விசா குடுத்த கபீலு காதுல விழுந்தா விசா கேன்சல், கலாஸ்.

— கம்பெனிக்குப் போற பேப்பர்ல ரெண்டு நாள் ரெஸ்ட்டுன்னு மட்டுந்தான் இருக்கும். மத்ததை டாக்டரம்மாகிட்ட வாயால சொல்லுவேன். எங்க மாதா மேல சத்தியமா வேற ஆருக்கும் போவாது.

— இருக்கு. லைசென்ஸ் துப்பாக்கி. ஆனா என்னுது இல்ல, என் சம்சாரம் நாகவள்ளியோடது.

— பொம்பளைக்குத் துப்பாக்கியா?

— நத்தம் பக்கம், சிறுமலை அடிவாரத்துல கடலைக்காடு அவுகளுக்கு. காட்டுப்பன்னி எறங்குச்சுன்னா ஒரே ராத்திரியில பூராத்தையும் உழுது போட்டுரும். அத வெரட்டுறதுக்கு எங்க மாமனாரு வாங்குனது. நாகவள்ளி ஒத்தப் பொண்ணு. அவரு போனதும் லைசென்ஸை இவ பேருக்கு மாத்திக் குடுத்தாக. ஆனா சின்னதுலயே அவளுக்கு அது கைப்பழக்கம் சிஸ்டரு. நான் பொண்ணு பாக்கப் போனேன் பாருங்க, தட்டோட வரப்போறான்னு உக்காந்திருக்கேன். கொல்லப்பக்கம் டம்முனு ஒரு சத்தம். மாமனாரு குடுத்த காப்பி பூராம் என் வேட்டியில.

— மாதாவே.

— தென்னையில கொரங்காம். வெரட்டி விட்டுட்டு, முந்தானையில கையத் தொடச்சிக்கிட்டே வந்து நிக்கிறா. 'பயந்துட்டீகளா'ன்னா. அவ எங்கிட்டப் பேசுன மொத வார்த்தையே அதுதான்.

— நீங்க என்ன சொன்னீங்க?

— இல்லைன்னேன். வேட்டியப் பாத்துட்டுச் சிரிச்சா பாருங்க. அந்தச் சிரிப்புக்குத்தான் தாலி கட்டுனேன்.

— மொத தடவையா முகத்துல ஒரு வெளிச்சம் வருது ஒங்களுக்கு.

— கல்யாணமான புதுசுல ரெண்டு பேரும் காவலுக்குப் போவோம். பரண்ல உக்காந்து வறுத்த கடலையத் தின்னுக்கிட்டே வாய் ஓயாமப் பேசுவா. இந்தப் பேச்சுக்குப் பன்னி எப்படிப் புள்ள வரும்பேன். வராட்டி நல்லதுதானேம்பா. இங்க வந்த பெறகும் லீவுல போனா மொத நா ராத்திரி பரணுக்குத்தான் போவோம். நான் வெயில்ல கம்பி கட்டுறப்ப அந்தப் பேச்சுத்தான் காதுல ஓடிக்கிட்டு இருக்கும். அந்த நாளு திரும்பி வந்தா எனக்கு வேற எதுவுமே வேணாம்.

— வரும் அண்ணே. சரி, துப்பாக்கி இப்ப எங்க இருக்கு?

— ஸ்டேஷன்ல ஒப்படைச்சது. எலெக்சன் வந்தா லைசென்ஸ் துப்பாக்கி பூராத்தையும் போலீசு வாங்கி வச்சிக்கிருவாக.

— அப்ப நல்லது. ஆனா வீட்டுக்கு வீடு கலர் டிவின்னு சொன்னவங்க ஜெயிச்சு ஆட்சிக்கும் வந்தாச்சே. திருப்பிக் குடுத்துருவாங்களே?

— குடுத்துருவாக.

— அப்ப இப்பவே ஒங்க சம்சாரத்துக்குப் போன் போடுங்க. ஒங்களுக்கு மனசு சரியில்ல, நீங்க லீவு முடிஞ்சு திரும்புற வரைக்கும் அது ஸ்டேஷன்லயே இருக்கட்டும்னு சொல்லுங்க.

— அவகிட்டயா சொல்லச் சொல்றீக?

— பின்னே? ஒங்களைக் காப்பாத்த அவங்களை விட்டா ஆரு இருக்கா?

— சிஸ்டரு, நான் உங்ககிட்ட பொய் சொல்லிட்டேன். நான் நல்லாத் தூங்குறேன். தட்டு நெறையச் சாப்பிடுறேன். தூங்காதது, திங்காதது, செத்துரலாம்னு சொன்னது பூராம் அவதான்.

— என்ன அண்ணே சொல்றீங்க?

— மாசியில எங்களுக்கு ஒரு பய பொறந்தான். தங்கல. நான் இங்க சைட்ல கெடந்தேன். அதுல இருந்து போன் போட்டா 'ம்'ங்குறா, வேற பேச்சு இல்ல.

— அங்கயே ஒரு டாக்டர்கிட்ட காட்டலாமே?

— அந்த மாதிரி டாக்டரு வாசப்படிய மிதிச்சா அன்னைக்கே ஊரு பூராம் பைத்தியம்னு பேரு வச்சிரும். காலத்துக்கும் அந்தப் பேரு போகாது. அதான், நோவு எனக்குன்னு சொல்லி மாத்திரைய வாங்கி லீவுல கொண்டு போயிரலாம்னு வந்தேன்.

— ஒங்களுக்குன்னு குடுக்குற மாத்திரைய அவங்க திங்கக்கூடாது அண்ணே. அதை டாக்டரம்மாகிட்ட நான் பேசுறேன். லீவு எப்ப?

— வெள்ளிக்கிழமை பிளைட்டு.

— அது வரைக்கும் துப்பாக்கி ஸ்டேஷனை விட்டு வரக்கூடாது. இந்தாங்க என் போன். ஆருக்காவது சொல்லித் தடுங்க.

— நேத்து அவளே போன் போட்டா சிஸ்டரு. பழைய நாகவள்ளி மாதிரி சிரிச்சுச் சிரிச்சுப் பேசுனா, எனக்கும் உசுரு வந்துச்சு. காட்டுல பன்னி எறங்குது, விடிஞ்சதும் வெள்ளன ஸ்டேஷனுக்குப் போயித் துப்பாக்கிய வாங்கிட்டு வந்துர்றேன்னா. நானும் சரின்னுட்டேன். நீங்க கேக்கவும்தான் எனக்கு உறைக்குது, இந்த வருசம் நாங்க காட்டுல எதுவுமே விதைக்கல.