கையோடு வந்த கை

— கை வந்துடுச்சுங்க.

— எது வந்துடுச்சு?

— கை. இவரோட இடது கை. தோளோட கழண்டு என் கையிலயே வந்துடுச்சு. நான்தான் பிடிச்சேன், நான்தான் உடைச்சேன். மன்னிச்சுக்கங்க.

— மலைதாங்கியோட கையா?

— பேரு மலைதாங்கியா? ரொம்ப நல்லது. மலையையே தாங்கினவர், நான் ரெண்டு விரலால பிடிச்சதைத் தாங்கல.

— அடிப்படையில அவரை இடுப்புலதான் பிடிக்கணும்ங்க.

— "இந்தக் கையைப் பிடிச்சுப் பாருங்க, நரம்புகூடத் தெரியும்"னு நீங்கதானே எடுத்துக் குடுத்தீங்க?

— குடுத்தேன். சரி, பதறாதீங்க. உக்காருங்க. அந்த நாற்காலியில வேணாம், அதுல ஒருத்தரோட அங்கி காயுது. இந்தப் பக்கம்.

— நான் பதறல. ஹால்ல எங்க அப்பா உங்க அம்மாகிட்ட, எங்க பொண்ணு பொறுமைசாலின்னு சொல்லிட்டு இருக்கார். "ரெண்டு பேரும் கொஞ்சம் தனியா பேசட்டும்"னு உள்ள அனுப்பினா, வந்ததும் வராததுமா நான் ஒருத்தர் கையைக் கழட்டிட்டேன். இப்படியே போனா கல்யாணம் நிச்சயம் ஆகுறதுக்குள்ள உங்க அலமாரியில ஒருத்தரும் முழுசா இருக்க மாட்டார். மாத்துக் கை ஏதும் இருக்கா?

— எட்டு ஜோடி வந்தது. மடக்கின கை, விரிச்ச கை, ஒரு விரல் நீட்டின கை. ஆனா எல்லாம் மணிக்கட்டு வரைக்கும்தான்.

— நான் தோளோட எடுத்துட்டேன். அளவா எடுத்திருக்கணும்.

— நீங்க பொம்மைன்னு நினைச்சு சிரிக்கிறீங்க. இதெல்லாம் பொம்மை இல்ல, சூப்பர் ஹீரோக்களோட அச்சு அசல் உருவம். ஃபிகர்.

— அந்த வார்த்தையாலதான் எங்க வீட்ல ஒரு வாரமா யாருக்கும் தூக்கம் இல்ல. ஃபோன்ல அப்பாகிட்ட என்ன சொன்னீங்க? "குடி, சிகரெட் ஒண்ணும் கிடையாது அங்கிள், ஃபிகர் மட்டும்தான்"னு சொன்னீங்களாம்.

— பொழுதுபோக்கு என்னன்னு கேட்டார். சொன்னேன்.

— "எல்லாம் வெளிநாட்டு ஃபிகர், கண்ணாடிக்குள்ள பூட்டி வச்சிருக்கேன், ஞாயித்துக்கிழமை மட்டும் வெளிய எடுத்துத் துடைப்பேன்"னு வேற சொல்லியிருக்கீங்க. எங்க அம்மா போலீசுக்குப் போகலாமான்னு கேட்டாங்க.

— ஐயையோ. அப்புறம் எப்படி வந்தீங்க?

— நான்தான் விழுந்து விழுந்து சிரிச்சுட்டு, அது பொம்மைம்மா, நான் ஆபீஸ்ல தினம் பார்க்கிறதுதான்னு சொன்னேன். பொண்ணு கேட்கிற வீட்ல கொஞ்சம்கூட வெட்கப்படாம இதைச் சொல்ற ஆள் எப்படி இருப்பார்னு பார்க்கணும்போல இருந்தது. வந்தேன்.

— உங்களுக்குப் பொம்மைக் கம்பெனியில வேலைன்னு அம்மா சொன்னாங்க.

— கம்பெனி இல்ல, பரிசோதனைக் கூடம். கடைக்குப் போறதுக்கு முன்னாடி பொம்மையெல்லாம் எங்ககிட்ட வரும். மேல இருந்து கீழ போடுவோம். கையைக் காலை முறுக்குவோம். மெஷின்ல மாட்டி இழுப்போம். கண்ணு பிடுங்கிட்டு வருதான்னு பார்ப்போம்.

— கேட்கவே பாவமா இருக்கு.

— சம்பளம் குடுத்துச் செய்யச் சொல்றாங்க, என்ன பண்றது.

— தாங்கிடுச்சுன்னா? பாஸான பொம்மையை வீட்டுக்கு எடுத்துட்டுப் போகலாமா?

— அதை நொறுக்கிடுவோம்.

— பாஸானதையா?

— சோதிச்ச பீஸ் எந்த வீட்டுக்கும் போகக் கூடாது. அது எங்க விதி. வெளியில பார்த்தா ஒரு கீறல்கூட இருக்காது. ஆனா ஒரு தடவை இழுத்துப் பார்த்தாச்சுன்னா உள்ள எந்த இடம் விட்டுப்போயிருக்குன்னு யாருக்கும் தெரியாது. அதோட கூடப்பிறந்ததெல்லாம் கடைக்குப் போகும். அது மட்டும் நொறுக்குற மெஷினுக்குப் போகும்.

— அநியாயமா இருக்கே.

— இதுவரைக்கும் எந்தப் பொம்மையும் வந்து நியாயம் கேட்கல. அது கிடக்கட்டும், இவர் ஏன் இப்படி விறைச்சு நிக்கிறார்? ஹெட்மாஸ்டர் ரூம் வாசல்ல நிக்க வச்ச மாதிரி.

— அவர் நிழல்வேந்தன். அவரை மடக்கக் கூடாது. உடம்பு பூரா ஒரே ரப்பர் தோல். மூட்டு வெளிய தெரிஞ்சா அழகு போயிடும்னு அப்படி வடிவமைச்சிருக்காங்க. முழங்கையை மடக்கியே வச்சிருந்தா அந்த இடத்துல கிழிஞ்சிடும்.

— டப்பாவுல "முப்பது மூட்டுகள், எல்லாம் அசையும்"னு கொட்டை எழுத்துல போட்டிருக்கே.

— அசையும். அசைக்கக் கூடாது.

— ரொம்ப நல்லது. எங்க மேனேஜர் ரூம் கதவு மாதிரி. எப்பவும் திறந்திருக்கும், யாரும் உள்ள போகக் கூடாது.

— அவருக்கு எண்ணெய் வேற கசியும். ரப்பர் மெத்துன்னு இருக்கணும்னு உள்ள ஒரு எண்ணெய் சேர்ப்பாங்க. வெயில் காலத்துல அது வெளிய வந்து பிசுபிசுன்னு ஒட்டும். துடைச்சு, பவுடர் போட்டு விடுவேன்.

— உலகத்தைக் காப்பாத்தினவருக்கு வேர்க்குரு பவுடர். இந்த அம்மா யாரு? தோள்ல சட்டை உரியுதே.

— ஒளிமங்கை. அது நிஜத் தோல் இல்லைங்க, போலித் தோல். துணி மேல பூசின பிளாஸ்டிக். நாலஞ்சு வருஷத்துல தானா உரிஞ்சிடும். தொட்டா கொட்டும், பார்த்து.

— தொடாட்டி?

— தொடாட்டியும் கொட்டும். கொஞ்சம் மெதுவா கொட்டும்.

— இவர் ஏன் ஒரு பக்கமா சாயுறார்?

— கையில எடுத்தா கனமா இருந்தாத்தான் உசத்தின்னு மார்புக் கவசத்தை உலோகத்துல செஞ்சுட்டாங்க. கணுக்கால் மட்டும் பிளாஸ்டிக்.

— மேல கனம், கீழ பலம் இல்ல. எங்க சித்தப்பாவும் அப்படித்தான். அதான் எல்லாருக்கும் இடுப்புல கம்பியா?

— கம்பி இல்லாம ஒருத்தரும் நிக்க மாட்டாங்க.

— பறக்கிறவங்க எல்லாரும். நிக்க மட்டும் வராது. ஜன்னல்ல எதுக்கு இவ்வளவு கனத்துல திரை?

— வெயில் பட்டா வெள்ளையெல்லாம் மஞ்சளாயிடும்.

— அப்ப இந்த ரூமுக்கு வர்றவளுக்கு வெயிலும் கிடையாது.

— ஹால்ல வருங்க. காலையில நல்லாவே வரும்.

— பெரிய மனசு. இவ்வளவு குறை இருக்கே, செஞ்சவங்களைக் கேட்க மாட்டீங்களா?

— கேட்டேன். "இது விளையாடுறதுக்கு இல்ல, பார்க்கிறதுக்கு"ன்னு சொன்னாங்க.

— சொல்வாங்க. ஏன்னு தெரியுமா? பொம்மைன்னு சொல்லி வித்தா எங்க கூடத்துக்கு வரணும். நான் இழுப்பேன். கை என் கையோட வந்துடும், கடைக்குப் போகாது. "பொம்மை அல்ல, பெரியவர்கள் சேகரிப்புக்கு மட்டும்"னு டப்பாவுல போட்டுட்டா நான் கிட்டவே போக முடியாது. வார்த்தைக்கு வார்த்தை பொம்மை இல்ல, பொம்மை இல்லன்னு சொல்றீங்களே, அந்த வார்த்தையையும் சேர்த்துத்தான் உங்க தலையில கட்டியிருக்காங்க.

— இத்தனை வருஷத்துல இதை யாரும் எனக்குச் சொன்னதில்ல. ஒரு நிமிஷம் இருங்க.

— கோவிச்சுக்கிட்டீங்களா?

— இல்லைங்க. கோடியில இருக்கிறவர் முழங்கை மடங்கியே இருக்கு. படம் எடுத்துட்டு அப்படியே விட்டுட்டேன் போல. நீட்டி விட்டுடுறேன்.

— டக்குனு நீட்டிட வேண்டியதுதானே? எதுக்கு உள்ளங்கையில பொத்தி வச்சுக்கிட்டு?

— முதல்ல சூடு பிடிக்கணும். ரப்பர் இளகினதும் கொஞ்சம் கொஞ்சமா நீட்டணும். இல்லன்னா வலிக்கும்.

— வலிக்குமா?

— கிழியும்னு சொல்ல வந்தேன்.

— வலிக்கும்னு சொன்னீங்க. பரவாயில்ல, ஹால்ல சொல்ல மாட்டேன்.

— நீங்க கிண்டல் பண்றீங்க, ஆனா சிரிப்பு வேற மாதிரி இருக்கு.

— இருக்கட்டும். கவனமா நீட்டுங்க.

— முடிஞ்சுது. சரி, மலைதாங்கி கையைக் குடுங்க, எடுத்து வச்சிடுறேன்.

— இருங்க. வெளிச்சத்துல ஒரு தடவை பார்த்துக்கறேன். தொழில் புத்தி. ஏங்க, இது எப்ப உடைஞ்சது?

— இப்பத்தானே, உங்க கையில.

— புதுசா உடைஞ்ச பிளாஸ்டிக் உள்ள வெளேர்னு இருக்கும். இதுல உடைஞ்ச இடத்துல அழுக்கு ஏறியிருக்கு. அழுக்கு மேல பசை. அதுவும் நல்லா ஒட்டுற பசை இல்ல, சுவத்துல படம் ஒட்டுறதுக்கு உருட்டி வைப்பாங்களே, அந்த மாதிரி. சும்மா இருந்தா நிக்கும், பிடிச்சா வந்துடும்.

— அது வந்து, அடிப்படையில என்னன்னா...

— வாசல்ல இருந்து "அவரைத் தொடாதீங்க, இவரைத் தொடாதீங்க"ன்னு சொல்லிட்டே வந்தீங்க. இவரை மட்டும் நீங்களே எடுத்து, கையைப் பிடிங்கன்னு குடுத்தீங்க. எனக்கு முன்னாடி எத்தனை பேர் பிடிச்சாங்க?

— மூணு பேர்.

— ரொம்ப நல்லது.

— தப்பா எடுத்துக்காதீங்க. என் வேலை அப்படி. வண்டி இன்சூரன்ஸ்ல இருக்கேன், இடிச்ச வண்டியைப் போய்ப் பார்த்து நஷ்டம் என்னன்னு சொல்லணும். நாள் முழுக்க ஒரே பாட்டுதான். "நான் ஓரமா நின்னுட்டு இருந்தேன் சார், தூண்தான் வந்து இடிச்சுது"ன்னு சொல்வாங்க. நான்தான் இடிச்சேன்னு ஒருத்தர் வாயால கேட்டதில்ல. வீட்டுக்கு வர்றவங்களாவது அப்படிச் சொல்றவங்களா இருக்கணும்னு ஆசைப்பட்டேன்.

— அதுக்கு இந்த ஏற்பாடா? சரி, அந்த மூணு பேரும் என்ன சொன்னாங்க?

— முதல்ல வந்தவங்க கையை மெல்லத் திரும்ப ஒட்டி வச்சுட்டு, ரூம் காத்தோட்டமா இருக்குன்னாங்க. அடுத்தவங்க, "இது ஏற்கனவே உடைஞ்சிருக்குங்க"ன்னு சொன்னாங்க.

— அது உண்மைதானே?

— ஆமா... உண்மைதான். நான் அப்படி யோசிக்கல.

— உண்மை சொல்றவங்க வேணும்னு தேடி, சொன்னவங்களைத் திருப்பி அனுப்பியிருக்கீங்க. மூணாவது?

— கைப்பையில போட்டு எடுத்துட்டுப் போயிட்டாங்க. மறுநாள் அவங்க அண்ணன் கொண்டுவந்து குடுத்து மன்னிப்புக் கேட்டார்.

— அண்ணன் பாஸ்.

— விளையாடாதீங்க. நீங்க ஒருத்தர்தான் கழண்ட உடனே, நான் வாயைத் திறக்கிறதுக்கு முன்னாடி, நான்தான் உடைச்சேன்னு சொன்னீங்க. அப்பவே எனக்கு மனசு நிறைஞ்சுபோச்சு. சத்தியமா.

— என் மனசு என்ன ஆச்சுன்னு கேட்டீங்களா? கை கழண்டதும் எனக்கு உடம்பெல்லாம் வேர்த்துடுச்சு. முன்னபின்ன தெரியாத வீட்ல, ஒரு மனுஷன் ஆசை ஆசையா வச்சிருந்ததை உடைச்சுட்டோமேன்னு. இவ்வளவு நேரம் கிண்டல் பண்ணினேனே, பாதி அந்தப் பயத்துல பேசினது. நீங்க எதிர்ல நின்னு, தாங்குறாளா, விடுறாளான்னு பார்த்துட்டு இருந்தீங்க.

— தப்புதான். இனிமே மலைதாங்கியை வெளிய எடுக்க மாட்டேன். மேல் தட்டைக் காலி பண்ணி உங்களுக்குத் தர்றேன்.

— மேல் தட்டை.

— நடுத் தட்டும். திரையையும் எடுத்துடலாம், மஞ்சளானா ஆகட்டும். அம்மா கூப்பிடுறாங்க பாருங்க. வெளிய போனதும் என்ன முடிவுன்னு கேட்பாங்க. நான் சரின்னு சொல்லப் போறேன்.

— நானும் சரின்னு சொல்றதாத்தான் இருந்தேன். அந்த முழங்கையைப் பொத்தி வச்சு சூடு பண்ணினீங்களே, அப்பவே முடிவு பண்ணிட்டேன். பொம்மைக்கு வலிக்கும்னு நினைக்கிற ஆள்கிட்ட ஒருத்தி நிம்மதியா இருக்கலாம்னு.

— அப்புறம் என்னங்க? நான்தான் சொல்றேனே, நீங்க பாஸ்.

— தெரியுதுங்க. இந்தாங்க, உங்க கையை வாங்கிக்கங்க. நான் அப்பாவோட கிளம்பறேன். சோதிச்ச பீஸ் எந்த வீட்டுக்கும் போகக் கூடாது.