மெற்றா போத்தல்

அன்றைக்குத் தின்னத் தந்த பற்றிஸ் நல்லாத்தான் இருந்தது, சேர். என் பிரியாவிடை ஏற்பாட்டில் எனக்கு எந்த மனக்குறையும் இல்லை.

நான் உயர்தர வகுப்புக்கு இரசாயனவியல் படிப்பித்தவன். போன வருஷம் உடற்கல்வி ஆசிரியர் கோணாமலை ஓய்வுபெற்றபோது பாடசாலையே அழுதது. விசில் ஊதினவருக்கே அவ்வளவு கண்ணீர் என்றால், சேதன இரசாயனம் படிப்பித்தவனுக்கு எவ்வளவு வர வேண்டும்? வராவிட்டால் பிள்ளைகளுக்குத்தானே அவமானம். அதை யோசித்துத்தான் செய்தேன்.

ஆய்வுகூட அலுமாரியில் தொலுவொயில் குளோரைட்டு மூன்று போத்தல் இருந்தது. ஓதோ, மெற்றா, பரா. மூன்றும் சமபகுதியங்கள். அணுக்கள் ஒன்றுதான், வளையத்தில் மெதைல் கூட்டம் உட்கார்ந்திருக்கிற இடம்தான் வேறு. நானும் கோணாமலையும்கூட அப்படித்தான். ஒரே வருஷ நியமனம், ஒரே தரம். அவர் எப்போதும் பாடசாலை அதிபருக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார், அவ்வளவுதான்.

மூன்றின் ஆவியும் கண்ணைக் கரிக்கும். நான் மெற்றாவை எடுத்தேன். சோதனையில் பிள்ளைகள் மறந்துவிடுவது அதைத்தான். பாவமாக இருந்தது.

அதிபர் என்னைப் பற்றிப் பேசிக்கொண்டே போனைப் பார்த்தார். அப்போதுதான் மேசைக்குக் கீழே மூடியைத் திறந்தேன். வாவிப் பக்கம் இருந்து வந்த காற்று மிச்சத்தைப் பார்த்துக்கொண்டது.

அதிபர் அழுதார். முன்வரிசை அழுதது. பெற்றோர் சங்கத் தலைவர் கந்தப்போடி, ஒருநாளும் எனக்கு வணக்கம் சொல்லாதவர், என் தோளைப் பிடித்துக்கொண்டு அழுதார்.

"அழாதீங்க. செங்கலடியிலதானே இருக்கன், நினைச்சா வாங்க" என்றேன்.

"கண்ணு, சேர், கண்ணு" என்றார்.

"ஓம், முதல்ல கண்ணுதான் கலங்கும்" என்று முதுகைத் தடவிவிட்டேன்.

எனக்கும் அழுகை வந்தது. அது உணர்ச்சி.

பாதிப் பேரை ஆஸ்பத்திரியில் கண் கழுவி அனுப்பினார்களாம். எல்லோரும் சுகமாக இருக்கிறார்கள் என்று கேள்விப்பட்டேன், சந்தோஷம்.

போத்தலைத் திறந்தது நான்தான். வாக்குமூலத்தில் எழுதிக்கொள்ளுங்கள், சேர். ஆனால் மூடியும் பழுது, அது முன்னமே கசிந்திருக்கிறது. அதையும் எழுத வேண்டும். என்னோடு ஆய்வுகூடத்தில் வேலை செய்த நஸ்ஹா டீச்சர் அதிபருக்கு முதலே பேச எழும்பினவர். "எங்கட சேர்" என்றார். அதுக்குப் பிறகு பேச முடியாமல் அழுதுகொண்டே போய் உட்கார்ந்துவிட்டார். அப்போது நான் மூடியில் கையே வைக்கவில்லை.